ஃப்ரீசருக்குள் ஒரு குரவை

டிக்... டிக்... டிக்...

கம்ப்யூட்டருக்குள் பல்லி புகுந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். தக்கலைப் பக்கம் மழைக்காலத்தில் எதற்குள் எது புகும் என்று யாரும் சொல்ல முடியாது. பெட்டியைத் தட்டினேன். சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்தது. திரையும் அப்படியே உறைந்து நின்றது.

பல்லி இல்லை. ஹார்ட் டிஸ்க்.

வேறு எந்த நாளில் போயிருந்தாலும் 'போ சவமே' என்று விட்டிருப்பேன். ஆனால் அன்று நான் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்ததே ஒரே ஒரு வீடியோவை எடுக்கத்தான். என் தங்கச்சி மகள் ஆதிராவுக்கு இன்னும் பன்னிரண்டு நாளில் கல்யாணம். பெங்களூரிலிருந்து காலையில்தான் போன் செய்திருந்தாள்.

"மாமா, ஒண்ணு கேட்டா தருவியளா?"

தாய்மாமனிடம் இப்படி ஆரம்பித்தால் என்ன அர்த்தம்? உடனே உஷாரானேன். "நகையா?"

"நகையெல்லாம் வேண்டாம். அம்மைக்க குரவை வேணும். தாலி கெட்டும்போ எனக்கு அம்மைக்க குரவைதான் கேக்கணும்."

"பாக்கிறேன் மக்கா" என்று போனை வைத்தேன்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. தாலி கட்டும்போதும் புதுவீட்டில் பால் காய்ச்சும்போதும் எங்கள் ஊர்ப் பெண்கள் நாக்கைச் சுழற்றி ஒரே மூச்சில் ஒரு சத்தம் எழுப்புவார்கள். அதுதான் குரவை. என் தங்கச்சி வத்சலா குரவை போட்டால் தவில்காரரே ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்ப்பார். எந்தக் கல்யாண வீட்டிலும் "வத்சலா வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் தாலியை எடுப்பார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவள் தொண்டையில் கட்டி. திருவனந்தபுரத்தில் ஆபரேஷன். உயிரைத் திருப்பித் தந்தார்கள், குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இப்போது அவள் கையில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும். எல்லாப் பேச்சும் அதில்தான். ஊருக்கெல்லாம் குரவை போட்டவளுக்குச் சொந்த மகள் கல்யாணத்தில் சத்தம் இல்லை.

கல்யாண வீடியோக்களில் அவள் குரவை இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது... கெட்டிமேளத்துக்கு அடியில். தனியாக, சுத்தமாகப் பதிவானது ஒரே இடத்தில்தான். நாலு வருஷத்துக்கு முன் நடந்த எங்கள் வீட்டுப் பால்காய்ச்சில். மேளம் இல்லை, மைக் இல்லை. பால் பொங்குகிறது, வத்சலா குரவை போடுகிறாள். அவ்வளவுதான் வீடியோ.

அதற்கு ஏன் ஒரே காப்பி? அங்கேதான் நான் வருகிறேன்.

இந்தப் பத்திரிகையில் என் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு என் குணம் தெரியும். பெட்ரோல் பங்க்கில் வண்டியை விட்டு இறங்கி, மீட்டரில் பூஜ்யம் தெரிகிறதா என்று குனிந்து பார்க்கிற ஆள் நான். ஆட்டோக்காரர் ஒரு வழியைச் சுருக்குவழி என்றால் அந்த வழியில் மட்டும் போகமாட்டேன். தேங்காயை மூன்று தடவை ஆட்டிப் பார்ப்பேன். "என்னப் பெண்ணு பாக்க வந்தப்பளும் ஆட்டிப் பாத்துதான் எடுத்திய" என்பாள் என் மனைவி ரமணி.

பால்காய்ச்சு அன்று நான் மூன்று உத்தரவு போட்டேன். ஒன்று, யாரும் போனில் எடுக்கக் கூடாது. நம் வீட்டுக்குள் என்னென்ன இருக்கிறது என்று ஊருக்குக் காட்டுவானேன்? இரண்டு, வீடியோவைச் சொந்தக்காரர்கள் யாருக்கும் கொடுக்க மாட்டேன். மூன்றாவதுதான் முக்கியம். வீடியோ எடுத்த ரெஜி என் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்ததும், கேமரா கார்டில் இருந்ததை என் கண் முன்னால் அழிக்க வைத்தேன். இந்த ஸ்டூடியோக்காரர்கள் நம் வீட்டு வீடியோவை விளம்பரத்துக்கு எடுத்துவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவன் அழித்து முடித்ததும் கார்டை வாங்கி நானே ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தேன்.

கிளவுடில் போட்டிருக்கலாமே என்கிறீர்களா? என் சாமானை எவனோ ஒருத்தன் வீட்டில் கொண்டுபோய் வைக்க நான் என்ன பைத்தியமா?

ஆக, உலகத்தில் அந்தக் குரவை இருந்தது ஒரே இடத்தில். அந்த இடம்தான் இப்போது டிக் டிக் என்றது.

தக்கலை பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பேக்கரிக்கு மேலே மெர்லின் என்று ஒரு பெண் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். நாற்பது வயது இருக்கும். மஸ்கட்டில் ஏதோ கம்பெனியில் இதே வேலை பார்த்துவிட்டு வந்தவர். டிஸ்க்கைக் கழற்றிக் கொண்டுபோய்க் காட்டினேன். ஐந்து விநாடி மின்சாரம் கொடுத்துக் காதை வைத்துக் கேட்டார். உடனே அணைத்தார்.

"உள்ள தட்டு ஒண்ணு சுத்தும் சாரே. அதுக்க மேல ஒரு முள்ளு நடந்து வாசிக்கும். அந்த முள்ளுக்கு இப்ப தடம் தெரியல்ல. முட்டி முட்டித் திரும்புது. இனி இத ஆன் பண்ணப்பிடாது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சொரண்டிட்டுப் போவும்."

"சரி, என்ன செய்யணும்?"

"இஞ்ச வச்சிட்டுப் போங்க. மூணு நாளு ஆவும். மொதல்ல அப்பிடியே வேற டிஸ்க்ல நகல் எடுப்பேன். பொறவு நகல்லதான் தேடுவேன். ஆமா, இதுல என்ன சாதனம் வேணும் ஒங்களுக்கு?"

பாருங்கள்... வைத்துவிட்டுப் போகச் சொல்கிறார். மூன்று நாள் என்கிறார். நகல் எடுப்பேன் என்று வாய்விட்டே சொல்கிறார். போதாக்குறைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்றும் தெரிய வேண்டுமாம்! என் தலைக்குள் எத்தனை மணி அடித்திருக்கும்?

"சும்மா... குடும்ப விஷயங்கள்" என்றேன். "யோசிச்சிட்டு வாறேன்" என்று டிஸ்க்கைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து போனில் யூடியூபைத் திறந்தேன். ஒருத்தன் சொல்கிறான் - கெட்டுப்போன டிஸ்க்கைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஃப்ரீசரில் வை, உயிர் வந்துவிடும். அவன் பெயர் தெரியாது. ஊர் தெரியாது. பாதி முகத்தைத் தொப்பி மறைத்திருந்தது. பேக்கரிக்கு மேலே கடை போட்டு, போர்டில் பெயர் எழுதி, எதிரே உட்கார்ந்து பேசிய மனுஷியை நம்பாதவன் அந்தத் தொப்பிக்காரனை நம்பினேன். இதற்கு என்ன விளக்கம் சொல்வது? இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் இருந்தது மீன் வாங்கிய கறுப்புக் கவர்தான். இரண்டு கவரில் சுற்றி, ஃப்ரீசரில் சாளை மீன் பொதிக்குப் பக்கத்தில் வைத்தேன். ரமணியிடம் சொல்லவில்லை. சொன்னால் ஆயிரம் கேள்வி கேட்பாள்.

மறுநாள் காலை அடுக்களையிலிருந்து கூப்பிட்டாள். "இஞ்ச பாருங்க... இது என்ன மீனு? செதிலும் இல்ல, வாலும் இல்ல, இரும்பு மாதிரி கிடக்கு?"

ஓடிப்போய்ப் பார்த்தால், சாளையோடு சேர்த்து டிஸ்க்கையும் வெளியே எடுத்து இளக வைத்திருக்கிறாள். கவருக்குள் மீன் தண்ணீர். டிஸ்க் முழுக்க முத்து முத்தாக வேர்வை. பதறிப்போய்த் துணியால் துடைத்தேன், ஃபேன் காற்றில் காட்டினேன், கம்ப்யூட்டரில் மாட்டினேன். டிக். கழற்றி மாட்டினேன். டிக் டிக். மூன்றாவது தடவை கரகரவென்று ஒரு சத்தம் வந்தது பாருங்கள்... ரமணி கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

"அதுலயா வத்சலாக்க குரவை இருக்கு?" என்று கேட்டாள். நான் டிஸ்க்கைக் கழற்றிப் பைக்குள் போட்டேன்.

திரும்ப மெர்லின் கடை. டிஸ்க்கைக் கையில் வாங்கியவர் மூக்கருகே கொண்டுபோனார்.

"சாரே, இது மீனு நாறுதே?"

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"ஃப்ரீசர்ல வச்சியளாக்கும்?"

"எப்பிடித் தெரியும்?"

"மாசத்துக்கு ஒண்ணு வரும். போன மாசம் வந்தது அயிலை. இது சாளை." முகத்தில் சிரிப்பே இல்லை. "பின்ன எத்தன தடவ ஆன் பண்ணினிய?"

"ஒரு தடவை" என்றேன். மூன்று தடவை என்று சொல்ல வாய் வரவில்லை.

டிஸ்க்கைத் துடைத்து, ஒரு நாள் முழுக்க உலர வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினார். இந்தத் தடவையும் கேட்டார், எது முக்கியம் என்று. நான் இந்தத் தடவையும் "எல்லாம்தான் வேணும்" என்றேன். ஒன்றைக் குறிப்பிட்டுச் சொன்னால் அதற்குத் தனி மதிப்பு இருக்கிறது என்று தெரிந்துவிடும் அல்லவா? என் புத்தி அப்படிப் போயிற்று.

வைத்துவிட்டும் போகவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு அங்கேயே உட்கார்ந்தேன். திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள். வாசித்தது பச்சை, வாசிக்க முடியாதது சிவப்பு. அவர் மவுஸில் கை வைத்தால் நான் எட்டிப் பார்ப்பேன். பென் டிரைவை எடுத்தால் "அது எதுக்கு?" என்பேன். யாரோ போனில் கூப்பிட, "ஆமா, கையில கெடச்சிட்டு, சாயங்காலம் தாறேன்" என்றார். என் வீடியோவை யாருக்குத் தருகிறார்? சாயங்காலம் ஒரு பையன் வந்து கிரைண்டர் பெல்ட்டை வாங்கிக்கொண்டு போனான்.

"சாரே, நீங்க பாத்துக்கிட்டு இருந்தா அது வெரசா ஓடாது, கேட்டியளா?" என்றார் மெர்லின்.

"பரவாயில்ல. இருக்கேன்."

இரண்டாம் நாள் மத்தியானம் கட்டங்கள் வரிசையாகச் சிவக்க ஆரம்பித்தன. டிஸ்க் ஒரு தடவை கரகரத்தது. பிறகு சத்தமே இல்லை. மெர்லின் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "முள்ளு போயிட்டு. இனி இதுல ஒண்ணும் எடுக்க ஒக்காது. கெடச்சதப் பாப்போம்."

கிடைத்தது நிறைய இருந்தது. பழைய கரண்ட் பில், நான் எழுதி நீங்கள் வாசித்த பத்திகள், ரமணியின் ஆதார் கார்டு... பால்காய்ச்சு வீடியோவும் இருந்தது! நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். ஓட்டிக் காட்டினார். அடுப்பு தெரிகிறது. பானை தெரிகிறது. பால் நுரைத்து மேலே வருகிறது. மஞ்சள் பட்டுச் சேலையில் வத்சலா வலது கையை வாயருகே கொண்டுபோகிறாள்...

அங்கேயே நின்றுவிட்டது. அதற்குமேல் வெறும் கறுப்பு.

"இதுதான் வேணும்" என்றேன். "இதுக்குப் பொறவு உள்ளதுதான் வேணும்." பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வத்சலா, ஆபரேஷன், ஆதிரா, கல்யாணம், எல்லாம்.

மெர்லின் மவுஸை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "சாரே... இத மொத நாளே சொல்லியிருந்தா மத்தது எல்லாத்தையும் விட்டுட்டு இத மட்டும் மொதல்ல எடுத்திருப்பேனே. அதுக்குத்தானே கேட்டேன், என்ன சாதனம்னு?"

என்னை அவர் ஒரு அறை அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. சந்தேகப்படுகிறவனை யாரும் ஏமாற்ற முடியாது என்று ஒரு பெருமை வைத்திருந்தேன். அது அன்றைக்குப் போயிற்று. தங்கச்சியின் குரலை நானே மீன் கவரில் சுற்றிக் கொன்றுவிட்டேன்.

"எடுத்த ஆளு யாரு? அவியகிட்ட இருக்குமே?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லி, கார்டை என் கண் முன்னால் அழிக்க வைத்த கதையைச் சொன்னேன். மெர்லின் முதல்முறையாகச் சிரித்தார். "ஒங்க முன்னால அழிச்சது கார்டு. அவனுக்க கம்ப்யூட்டர்ல? கேமராக்காரனுவ ரெண்டு காப்பி வைக்காம இருக்க மாட்டானுவ சாரே. போய்க் கேளுங்க."

வத்சலா வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவள் அழவில்லை. நோட்டை எடுத்து எழுதினாள்: 'நானும் வாறேன்.' ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துத் திற்பரப்பு ரோட்டில் உள்ள ரெஜியின் ஸ்டூடியோவுக்கு விட்டேன். வழிமுழுக்க ஒரே வேண்டுதல்... சாமி, அவன் என்னை ஏமாற்றியிருக்க வேண்டும். என் சந்தேகம் உண்மையாக இருக்க வேண்டும்.

ரெஜி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"அண்ணே, நான் அன்னைக்கே அழிச்சாச்சே!"

நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை! கேட்கும் முன்பே பதில் சொல்கிறவனை எப்படி நம்புவது? எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இல்லன்னு சொல்லாத மக்கா. இருந்தாத்தான் நல்லது."

"எங்க அம்மையாண இல்ல அண்ணே."

"நான் ஒண்ணும் செய்ய மாட்டேன்டே. தந்தாப் போதும்."

"இப்பம் இப்பிடிச் சொல்லுவிய. எடுத்துத் தந்தா, அன்னைக்கு அழிக்காம ஏன் வச்சேன்னு போலீசுக்குப் போவிய. ஒங்கள எனக்குத் தெரியாதா அண்ணே?"

தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. நான் நல்லவன் என்று அவனிடம் எப்படி நிரூபிப்பது? அவன் என்னை நம்பவேண்டிய எந்தக் காரியத்தையும் நான் இதுவரை செய்ததில்லை. எத்தனை பேர் என் முன்னால் இப்படி முழித்துக்கொண்டு நின்றிருப்பார்கள்?

அப்போதுதான் வத்சலா என்னைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். நோட்டில் எழுதி அவனிடம் நீட்டினாள். 'எனக்க குரவை ஒனக்கிட்ட இருக்கா மக்கா?'

ரெஜி வாசித்தான். அவள் கழுத்தில் கட்டியிருந்த துணியைப் பார்த்தான். "அக்கா... பேச்சு...?" என்றான். அவள் இல்லை என்று தலையாட்டினாள். அவன் அதற்குப் பிறகு என்னைப் பார்க்கவே இல்லை. நேராகக் கம்ப்யூட்டருக்குப் போனான். பத்து விநாடிகூட ஆகவில்லை.

வந்தது குரவை.

அந்தச் சின்ன அறை முழுக்க வந்தது. முதலில் மெதுவாக ஏறி, பிறகு விடாமல், மூச்சே இல்லாத மாதிரி... கடைசியில் "பொங்கிட்டு! பொங்கிட்டு!" என்று அவள் சிரிக்கிற சத்தத்தோடு முடிந்தது. வத்சலா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு வருஷமாக அவள் கேட்காத குரல் அது. நான் அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

ஆனால் ஒன்று உறுத்தியது. நாலு வருஷத்துக்கு முந்திய வீடியோ பத்து விநாடியில் எப்படிக் கிடைத்தது? தினமும் எடுக்கிற சாமான் மாதிரி அல்லவா எடுக்கிறான்?

"ரெஜி..." என்றேன்.

அவன் தலையைச் சொறிந்தான். "கோவிக்கப்பிடாது அண்ணே. இப்பம் உள்ள கல்யாணத்துல ஒருத்திக்கும் குரவை போடத் தெரியல்ல. ஒரு மாதிரி இருமுகா. வீடியோல கேக்க நல்லாட்டு இல்ல. அதனால... அக்காக்க குரவைய வெட்டி வச்சிருக்கேன். தாலி கெட்டுக எடத்துல எடுத்துப் போட்டுருவேன்."

நான் பயந்தது இதற்குத்தானே! எங்கள் வீட்டுச் சாமானை எவனோ எடுத்து எங்கேயோ உபயோகிப்பான் என்றுதானே கார்டை அழிக்க வைத்தேன்? என் சந்தேகம் ஒன்றுவிடாமல் உண்மை. கோபம் வர வேண்டும் அல்லவா? அவனைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

வத்சலா எழுதினாள்: 'எத்தன கல்யாணம்?'

"எண்ணல்ல அக்கா. கொளச்சல் முதல் குலசேகரம் வரைக்கும்... முப்பது நாப்பது இருக்கும்."

அவள் வேகமாக எழுதினாள். 'ஒரு எடத்துலயும் எனக்கு எலை போடல்லியே.'

எழுதிவிட்டுச் சிரித்தாள். சத்தம் வரவில்லை. தோள் குலுங்கியது, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, முந்தானையால் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் நடந்தது. மேளக்காரர்களிடம் முன்பே சொல்லிவைத்திருந்தோம். மாப்பிள்ளை தாலியை எடுத்ததும் மேளம் நின்றது. ஸ்பீக்கரில் குரவை எழுந்தது. மணமேடையில் வத்சலா வலது கையை வாயருகே கொண்டுபோய், நாக்கைச் சுழற்றி, சத்தமில்லாமல் கூடவே போட்டாள். ஆதிரா மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "இந்தக் குரவைய எனக்க மவளுக்க கல்யாண வீடியோல கேட்டிருக்கேனே... இதுல என்னவோ இருக்கு." திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தேகம்.

இப்போது அந்தக் குரவைக்கு நாலு காப்பி இருக்கிறது. ஆதிராவிடம் ஒன்று, நானே கொண்டுபோய்க் கொடுத்தது மெர்லினிடம் ஒன்று, என்னிடம் ஒன்று. நாலாவது ரெஜியிடம். அதை அழித்துவிடச் சொல்லி அவனிடம் மிகக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன் - அப்போதுதானே பத்திரமாக இருக்கும்!